யாருடைய கோட்டை? - செஞ்சிக்கு ஒரு பயணம்

தாராவியில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்குக் கோட்டை என்றால் முதலில் நினைவுக்கு வருவது காலா கில்லாதான். பக்கத்திலிருக்கும் பஸ் டிப்போவுக்கும் அந்தப் பெயரே. ஜான் ஹார்ன் என்ற கவர்னர் காலத்தில், 1737-ல், ஆங்கிலேயர் கட்டிய கோட்டை அது என்று அங்கே பதித்த கல் சொல்லும். மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் சால்செட் தீவுக்குள் மராட்டியப் படை புகுந்த ஆண்டு அது. அந்தப் பயத்தில் எழுந்த கோட்டை! எங்களுக்கு இந்தச் சரித்திரமெல்லாம் அப்போது தெரியாது. சுவரோரம் கோலி விளையாடுவோம். இருட்டினால் பேய் வரும் என்று ஓடி வந்துவிடுவோம்.

ஆனால் என் மனத்தில் இருந்த கோட்டை வேறு. ஞாயிற்றுக்கிழமை இரவு கடையைச் சாத்திவிட்டு வந்து, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெரிய எழுத்துப் புத்தகத்தை விரித்து, என் அப்பா ராகம் போட்டு வாசித்த தேசிங்குராஜன் கதையில் வந்த செஞ்சிக் கோட்டை அது. அப்பா திருநெல்வேலிச் சீமைக்காரர். செஞ்சியைக் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது, எழும்பூரில் ஏறிய ரயில் திண்டிவனம் ஸ்டேஷனில் நின்றால், ஜன்னல் வழியே மேற்கே கையைக் காட்டுவார். "அந்தப் பக்கந்தாம்ல செஞ்சி இருக்கு. ஒருதடவை எறங்கிப் பாத்துரணும்" என்பார். கையில் லீவும் இருக்காது, காசும் இருக்காது. ரயில் கிளம்பிவிடும். கடைசிவரை அவர் இறங்கவேயில்லை.

அவர் இறங்காத இடத்தில் நான் இறங்கினேன், 2025 டிசம்பரில். அதற்குக் காரணம் என் பேத்தி.

பேத்தி கேட்ட கேள்வி

மகளும் மாப்பிள்ளையும் செம்பூரில் இருக்கிறார்கள். பேத்தி நாலாம் வகுப்பு. மகாராஷ்டிராவில் பிள்ளைகளைப் படிக்கவைத்த எல்லாருக்கும் தெரியும், நாலாம் வகுப்புச் சரித்திரம் என்றால் சிவாஜி மகாராஜாதான். 2025 ஜூலை 11-ந் தேதி, 'இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது அல்லவா? பள்ளியில் அந்தப் பன்னிரண்டையும் ஒரு சார்ட் பேப்பரில் எழுதி, படம் ஒட்டிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

சால்ஹேர், சிவனேரி, லோஹகட், கண்டேரி, ராய்கட், ராஜ்கட், பிரதாப்கட், சுவர்ணதுர்க், பன்ஹாலா, விஜயதுர்க், சிந்துதுர்க் என்று பதினொன்றும் மகாராஷ்டிராவில். பன்னிரண்டாவதுக்கு வந்ததும் குழந்தை பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தாத்தா, ஜிஞ்ஜின்னு போட்டிருக்கு. தமிழ்நாடுன்னு போட்டிருக்கு. இது நம்ம கோட்டையா, அவங்க கோட்டையா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கேள்வி கடினமானது என்பதால் அல்ல. 'நம்ம', 'அவங்க' என்ற அந்த இரண்டு சொற்களையும் ஒன்பது வயதுக் குழந்தை எங்கே கற்றது? பள்ளியில் இல்லை. அங்கே அவளுடைய உயிர்த்தோழியே மராட்டியப் பெண்தான். என் வாயிலிருந்துதான் கற்றிருக்கிறாள்.

1960-களின் பின்பாதியில் பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய குரலை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. ஒரு நாள் காலை அப்பாவோடு கடை திறக்கப் போனால், பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்துகளின் மேல் தார் பூசியிருந்தது. யார் பூசினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் கடையைத் திறந்து தராசைத் துடைத்தார். சற்று நேரத்தில் எதிர்வீட்டு மராட்டிய அம்மாள் ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயும் பழந்துணியும் கொண்டுவந்து, என் அப்பாவைக் கேட்காமலேயே பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். தார் முழுக்கப் போகவில்லை. எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

இந்தக் கதையை நான் வீட்டில் பல தடவை சொல்லியிருக்கிறேன். தார் பூசியதை மட்டும் சொல்லியிருக்கிறேன். மண்ணெண்ணெய்க் கிண்ணத்தைச் சொன்னதாக நினைவில்லை. பேத்தியின் கேள்விக்குப் பிறகுதான் அது என்னை உறுத்தியது.

"நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். குழந்தை விடவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு டிக்கெட் எடுக்க வைத்துவிட்டாள்.

மூன்று மலை, ஒரு கோட்டை

சென்னை போய்விட்டால் செஞ்சி போவது எளிது. சுமார் 150 கிலோமீட்டர். கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் ஏறினால் போதும். திண்டிவனத்திலிருந்து மேற்கே சுமார் 28 கிலோமீட்டர்.

ஊர் நெருங்கும்போதே குன்றுகள் தெரிகின்றன. நம் சஹ்யாத்ரி மலைபோலப் பச்சைப் போர்வை கிடையாது. யாரோ வண்டி வண்டியாகப் பாறாங்கல்லைக் கொண்டுவந்து கொட்டிக் குவித்ததுபோல் இருக்கும். மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தெற்கே சந்திரகிரி. இந்த மூன்று குன்றுகளையும் முக்கோணமாக இணைத்து ஓடும் மதில் சுமார் 13 கிலோமீட்டர் நீளம். ஊரைத் தாண்டியதும் திருவண்ணாமலைச் சாலையே இந்த மதிலை ஊடுருவித்தான் செல்கிறது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கோட்டைக்குள் புகுந்து வெளியேறிவிடுகிறவர்கள் எத்தனையோ பேர்!

1597-ல் இங்கே வந்த பிமெண்டா என்ற போர்த்துகீசியப் பாதிரியார், தாம் இந்தியாவில் பார்த்த நகரங்களில் இதுவே பெரியது, லிஸ்பனைத் தவிரத் தம் நாட்டில்கூட இதற்கு ஈடான ஊர் இல்லை என்று எழுதி வைத்தார். ஆங்கிலேயர் இதைக் 'கிழக்கின் ட்ராய்' என்றார்கள். இன்றைக்குச் செஞ்சி நெல் மூட்டையும் பஸ் ஸ்டாண்டுமாக ஒரு சிறிய ஊர். அந்தப் பழைய ஆரவாரமெல்லாம் கல்லாகி நிற்கிறது.

இடையன் கண்ட புதையல்

இந்த ஊர் எப்படி உண்டாயிற்று என்பதற்குப் பல கதைகள். அவற்றில் ஒன்றைக் கேட்டு என் பேத்தி துள்ளிக் குதித்தாள்.

மேற்குக் குன்றில் ஆனந்தக் கோன் என்ற இடையர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாராம். பாறை இடுக்கில் புதையல் கிடைத்ததாம். அதைக்கொண்டு ஆள் சேர்த்து, சுற்றுவட்டாரத்துக் குறுநிலத் தலைவர்களை வென்று, கமலகிரி என்றிருந்த அந்தக் குன்றில் சிறு கோட்டை கட்டி அதற்கு ஆனந்தகிரி என்று தம் பெயரையே வைத்தாராம். அதுதான் இன்றைய ராஜகிரி. அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் வடக்குக் குன்றில் அரண் அமைத்து அதைக் கிருஷ்ணகிரி ஆக்கினார். இது நடந்தது 1200-ஐ ஒட்டிய காலம் என்பது கர்ணபரம்பரை. கர்னல் மெக்கன்சி ஊர் ஊராகத் திரட்டிய சுவடிகளில் இந்தக் கதை இருக்கிறது. 1943-ல் செஞ்சியின் வரலாற்றை விரிவாக எழுதிய பேராசிரியர் சி.எஸ்.சீனிவாசாச்சாரியும் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

பெரிய ஊர்களின் பிறப்புக் கதையில் ஏனோ இடையன் வந்துவிடுகிறான். ரோமாபுரியை உண்டாக்கிய இரட்டையரை ஓநாயிடமிருந்து எடுத்து வளர்த்ததும் ஓர் இடையன்தானே?

இன்னொரு கதை, ஊர்ப் பெயரைப் பற்றியது. ஊரைக் காக்கும் கன்னித் தெய்வங்கள் எழுவர். அவர்களில் ஒருத்தி செஞ்சியம்மன். அவள் பெயரே ஊருக்கு வந்தது என்கிறார்கள்.

"மும்பாதேவி மாதிரியா தாத்தா?" என்றாள் பேத்தி.

நான் அசந்துபோனேன். கோலி மீனவர்களின் தெய்வத்தின் பெயர் மும்பை ஆயிற்று. இங்கே ஊர்க்காவல் தெய்வத்தின் பெயர் செஞ்சி ஆயிற்று. குழந்தைக்கு இரண்டும் ஒரே வாய்பாடு.

சரித்திர ஆசிரியர்கள் வேறொன்று சொல்கிறார்கள். சோழர் கல்வெட்டுகளில் இந்தப் பகுதிக்குச் சிங்கபுர நாடு என்று பெயர். பக்கத்தில் சிங்கவரம் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. ஒட்டக்கூத்தரின் விக்கிரம சோழன் உலாவில் செஞ்சிக்குத் தலைவனான காடவன் ஒருவன் வருகிறான். அந்தச் சோழனின் காலம் 1118 முதல் 1135 வரை. ஆகவே ஆனந்தக் கோனுக்கு முன்பே செஞ்சிக்கு ஒரு தலைவன் இருந்திருக்கிறான். புதையல் கதையை இதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஊரில் பிறந்த எளியவன் ஒருவன் இந்தக் கல்லுக்கு முதல் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொள்ள மக்கள் ஆசைப்பட்டிருக்கிறார்கள். அந்த ஆசையும் சரித்திரம்தான்.

கீழ்க்கோட்டையில்

ராஜகிரி அடிவாரத்தில் பார்க்க வேண்டியவை பல. முதலில் கண்ணில் படுவது கல்யாண மஹால். சதுரமான கோபுரம்போல எட்டு அடுக்கு. நான்கு பக்கமும் வளைவுகள் வைத்த அறைகள். இந்த மாடிகளுக்கு மண் குழாய் மூலம் தண்ணீர் ஏற்றினார்கள் என்று கேட்டதும், "நம்ம பில்டிங்ல மூணாவது மாடிக்கே ஏற மாட்டேங்குது" என்று மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார்! பக்கத்திலேயே நெற்களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம், யானைக் குளம். களஞ்சியத்துச் சுவரின் கனத்தைப் பார்த்தால், முற்றுகையைத் தாங்கியது வீரமா நெல்லா என்று சந்தேகம் வரும்.

வெங்கடரமணர் கோவில் நாயக்கர் காலத்தது. வாசலில் ராமாயணக் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். இந்தக் கோவிலின் உயர்ந்த தூண்களைப் பிரெஞ்சுக்காரர் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்களாம். அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை என்பார்கள். சற்றுத் தள்ளி சாதத்துல்லா கான் மசூதி. அது 1717-18-ல் கட்டியது. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பாதி மலையில் நான், உச்சியில் பேத்தி

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. காலையிலேயே ஏறத் தொடங்கிவிட வேண்டும். பிற்பகல் 3 மணிக்குப் பிறகு ஏற விடுவதில்லை. குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். தின்பண்டம் கையில் இருந்தால் குரங்குகள் பார்த்துக்கொள்ளும்.

என் முழங்கால் கமலக்கண்ணியம்மன் கோவிலோடு நின்றுவிட்டது. பாதி மலையில் இருக்கும் இந்த அம்மனுக்குத்தான் இந்தக் குன்று முதலில் சொந்தம் என்று ஊரார் நம்புகிறார்கள். கீழே அரசர்கள் மாறிக்கொண்டே இருக்க, திருவிழா மட்டும் மாறாமல் நடந்து வந்திருக்கிறது. நான் நிழலில் உட்கார்ந்தேன். மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் மேலே போகத் தயாரானார்கள்.

அப்போதுதான் கீழேயிருந்து ஏழெட்டு இளைஞர்கள், முதுகில் பையும் கையில் காவிக் கொடியுமாக, "சிவாஜி மகாராஜ் கீ ஜெய்" என்று முழங்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். கொல்ஹாப்பூர்ப் பிள்ளைகள். பன்னிரண்டு கோட்டைகளையும் மிதித்துவிடுவது என்று கிளம்பியவர்கள். என் மனத்தில், ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தப் பழைய தார் வாடை ஒரு கணம் வந்து போனது.

பக்கத்தில் வெள்ளரிப் பிஞ்சும் மோரும் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் அவர்கள் இந்தியில் என்னவோ கேட்டார்கள். பாட்டிக்குப் புரியவில்லை. என் பேத்தி சட்டென்று முன்னால் போய், மராட்டியில் அவர்களிடம் விசாரித்து, தமிழில் பாட்டியிடம் சொன்னாள். மேலே போகும் வழியில் தண்ணீர் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கிடைக்காது, இங்கேயே மோர் குடித்துவிட்டுப் போகச் சொல் என்றாள் பாட்டி. எல்லாரும் குடித்தார்கள். கணக்கையும் குழந்தையே பார்த்தாள்.

பாட்டி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எந்த ஊருங்க பெரியவரே?"

"மும்பை. பம்பாய்."

"அதான பாத்தேன். பாப்பா அவங்க பாஷை பேசுதே. உங்க ஊருக்காரங்களையும் கூட்டிக்கினு வந்துட்டீங்க!"

உங்கள் ஊர்க்காரர்கள்! அந்த அம்மாளுக்கு நானும் அந்தக் கொல்ஹாப்பூர் இளைஞர்களும் ஒரே ஊர். நான் மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்வது? அறுபத்தைந்து வருஷமாக நான் குடிக்கும் தண்ணீர் மகாராஷ்டிராவின் தண்ணீர். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு நானும் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தேன்.

பேத்தி அவர்களோடு மேலே போய்விட்டாள். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் அதன் மேலிருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால், மேலே சில வீரர்கள் நின்றாலே ஒரு படையைத் தடுத்துவிடலாம். அதைத் தாண்டினால் ரங்கநாதர் கோவில், மணிக்கூண்டு, கஜானா, களஞ்சியம். இவையெல்லாம் திரும்பி வந்து குழந்தை எனக்குச் சொன்னவை.

எட்டு வருஷத் தலைநகரம்

இறங்கி வந்த பிறகு அந்த இளைஞர்களோடு மரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். அவர்கள் சொன்ன கதையில் பாதி எனக்குப் புதிது.

1677-ல் தெற்கே படையெடுத்து வந்த சிவாஜி, பீஜப்பூர் சுல்தானின் ஆட்களிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றினார். பழைய கட்டடங்களை இடித்துப் புதிய மதிலும் அகழியும் எழுப்பினார் என்று அக்காலத்துப் பாதிரிமார் கடிதங்கள் சொல்கின்றன. தம் நாட்டிலிருந்து இவ்வளவு தொலைவில் எதற்காக இந்தச் செலவு என்று அன்றைக்குப் பலர் யோசித்திருப்பார்கள். பன்னிரண்டே வருஷத்தில் விடை கிடைத்தது. 1689-ல் சிவாஜியின் மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார். ராய்கட் வீழ்ந்தது. இளையவர் ராஜாராம் பன்ஹாலா கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, கேளடி ராணி சென்னம்மாவின் உதவியோடு கன்னட நாட்டைக் கடந்து, நவம்பரில் செஞ்சி வந்து சேர்ந்தார். "எங்கள் பன்ஹாலாவிலிருந்துதான் புறப்பட்டார்" என்று அந்தப் பிள்ளைகள் நேற்று நடந்ததுபோலச் சொன்னார்கள்.

அதன்பின் சுமார் எட்டு வருஷம் மராட்டிய ராஜ்யத்தின் தலைநகரம் ராய்கட் அல்ல, சத்தாரா அல்ல, நம் செஞ்சி! தளபதி ஜுல்பிகார் கான் 1690-ல் முற்றுகை போட்டார். வெளியிலிருந்து சந்தாஜி கோர்ப்படேயும் தனாஜி ஜாதவும் மொகலாயரின் உணவு வழியை அறுத்தார்கள். ஒரு கட்டத்தில் முற்றுகை போட்டவர்களே முற்றுகைக்குள் அகப்பட்டார்கள். 1698 தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தபோது ராஜாராம் அங்கே இல்லை. வேலூர் வழியாகத் தம் நாடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

மராட்டியரின் கதையில் இந்தக் கோட்டைக்குச் 'சந்தி' என்று பெயர். அதற்கு முன் பீஜப்பூரார் வைத்த பெயர் பாதுஷாபாத். பிறகு மொகலாயர் வைத்தது நுஸ்ரத்கட். 1750-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், 1761-ல் ஆங்கிலேயர், 1780-ல் ஹைதர் அலி. வந்தவர்கள் எல்லாரும் ஒரு பெயர்ப்பலகை மாட்டினார்கள். ஊர்க்காரர்கள் தம் பாட்டுக்குச் செஞ்சி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வந்தவன் எப்படிச் சொந்தமானான்?

"உங்களுக்குத் தேசிங்குராஜாவைத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. நான் தமிழில் சொல்லச் சொல்ல, பேத்தி மராட்டியில் சொன்னாள். என் அப்பாவின் கதை அந்த மரத்தடியில் முதல்முறையாக மராட்டி பேசியது.

தேசிங்கு என்பவர் தேஜ் சிங். புந்தேல்கண்டத்து ராஜபுத்திரர். அவருடைய தகப்பனார் ஸ்வரூப் சிங், மொகலாயருக்காகச் செஞ்சிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டவர். 1714-ல் தகப்பனார் இறந்ததும் மகன் பொறுப்பேற்றார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டார், தேசிங்கு மறுத்தார். பெரும்படை வந்தது. 1714 அக்டோபர் 3-ந் தேதி போர்க்களத்தில் தேசிங்கு மாண்டார். வயது இருபத்திரண்டு என்பார்கள். ஆண்டது சில மாதங்களே. அந்த வெற்றியின் நினைவாக எழுந்ததுதான் நான் முன்பு சொன்ன மசூதி.

சரித்திரம் இவ்வளவுதான். நம் ஜனங்கள் அதில் சேர்த்தது எவ்வளவு! போருக்கு விடை கேட்கப் போன தேசிங்குக்குச் சிங்கவரத்து ரங்கநாதர் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றார்கள். குடைவரையில் பள்ளிகொண்டிருக்கும் அந்தப் பெருமாள் 24 அடி நீளம். திரும்பிய முகத்தை இன்றைக்கும் காட்டுகிறார்கள். நண்பர் மகமத்கான் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து தேசிங்கோடு சேர்ந்து உயிர் விட்டார் என்றார்கள். நீலவேணிக் குதிரைக்கும் கதையில் ஓர் இடம் கொடுத்தார்கள். ராணி உடன்கட்டை ஏறினாள், அவள் நினைவாக நவாப் எழுப்பியதே ராணிப்பேட்டை என்றார்கள். செட்டிகுளக் கரையில் தேசிங்கை எரித்த இடம் என்று ஒரு மேடையைக் காட்டுகிறார்கள். கூத்தாடினார்கள், கும்மியடித்தார்கள். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' படமும் வந்தது.

கேட்டு முடித்ததும் அந்த இளைஞர்களில் ஒருவன் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்படியென்றால் அவர் தமிழர் இல்லையே, காகா?"

இல்லைதான். புந்தேல்கண்டம் எங்கே, செஞ்சி எங்கே! அவருடைய தாய்மொழி தமிழ் அல்ல. போரில் வென்றவரும் அல்ல. ஆனாலும் இருநூறு மைல் தெற்கே ஒரு கிராமத்தில் பிறந்த என் அப்பா, ஆயிரம் மைல் வடக்கே வந்து மளிகைக் கடை வைத்த பிறகும், அவருக்காக ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் கண் கலங்கினார். 'வந்தவன்' என்று நம் ஜனங்கள் தேசிங்கை ஒரு நாளும் ஒதுக்கவில்லை. இந்த மண்ணுக்காக உயிர் விட்டான் என்றார்கள், எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பையனுக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. மண்ணெண்ணெய்க் கிண்ணத்தின் கதையைச் சொன்னேன். என் மகளே அதை அன்றைக்குத்தான் முதலில் கேட்டாள்.

ஊர் திரும்பி

பேத்தியின் சார்ட்டில் பன்னிரண்டாவது கட்டம் காலியாகவே இருந்தது. ஜனவரியில் பள்ளி திறப்பதற்கு முதல் நாள், தான் உச்சியில் எடுத்த போட்டோவை அதில் ஒட்டினாள். கீழே மராட்டியில் ராஜாராம் மகாராஜா இருந்த இடம் என்று ஒரு வரி; தமிழில் தேசிங்குராஜா இருந்த இடம் என்று ஒரு வரி. ஒரு ஓரத்தில் சின்னதாக ஓர் ஆடு வரைந்திருந்தாள். என்ன இது என்றால், "ஆனந்தக் கோன் தாத்தாவோடது. அவருதானே முதல்ல வந்தாரு?" என்றாள். யாருடைய கோட்டை என்ற கேள்வியை அவள் மறுபடி என்னிடம் கேட்கவில்லை.

நம்மில் பெரும்பாலோர் வருஷம் ஒருமுறை ஊருக்குப் போகிறோம். கோவில், கல்யாணம், சொத்து வேலை என்று லீவு தீர்ந்துவிடுகிறது. அடுத்த தடவை ஒரு நாளை செஞ்சிக்கு ஒதுக்குங்கள். மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. காலையில் ராஜகிரி, மாலையில் சிங்கவரம். இன்னொரு நாள் இருந்தால் மகேந்திரவர்ம பல்லவன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் குடைந்த மண்டகப்பட்டுக் குகைக் கோவிலும் பக்கத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அவர்களுடைய சரித்திரப் பாடமும் உங்கள் தாத்தாவின் கதையும் அந்த ஒரு மலையில் சந்தித்துக்கொள்ளும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அப்பாவின் பெரிய எழுத்துப் புத்தகம் 2005 வெள்ளத்தில் போய்விட்டது. யார் வீட்டுப் பரணிலாவது பழைய தேசிங்குராஜன் கதை இருந்தால் நம் சங்க நூலகத்துக்குக் கொடுத்து உதவுங்கள். பேத்திக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ராகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.